உரைத்துப் பார்த்த பொன்

சென்ற ஆனி மாதம் ஆலங்குளத்தில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று பேருந்தில் எல்லாரும் பேசிக்கொண்டு வந்தார்கள். குற்றாலத்துச் சாரலில் ஆலங்குளத்துக்குக் கிடைக்கும் பங்கு பெரும்பாலும் காற்று மட்டும்தான். அந்தக் காற்றில் வாசற்கதவு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தங்கை திண்ணையில் அமர்ந்து, சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் விடுமுறையில் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஆவணியில் அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணுக்குப் போட வேண்டிய மோதிரத்தைப் பற்றித் தாய்க்கும் மகனுக்கும் இரண்டு நாளாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்புச் சொல்ல நான் வந்து அகப்பட்டுக்கொண்டேன்.

பையன் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அவன் பெயரின் முதல் எழுத்தும் பெண்ணின் பெயரின் முதல் எழுத்தும் கொடியும் கொழுகொம்பும் போலப் பின்னிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு சிவப்புக் கல். கடையில் அடுக்கி வைத்திருக்கும் மோதிரம் எதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. உலகத்தில் வேறு யார் விரலிலும் இல்லாத ஒரு மோதிரத்தைத் தன்னவளுக்குப் போட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குத் திருநெல்வேலியில் ஒரு பெரிய கடையைப் பார்த்து வைத்திருந்தான். எங்கள் ஊர் 2019-இல் தென்காசி மாவட்டத்துக்கு மாறிவிட்டது. நகை வாங்க மட்டும் இன்னும் எங்களுக்குத் திருநெல்வேலிதான் தலைநகர்.

தங்கைக்கோ ஊரில் இருக்கும் ஆசாரி கையால்தான் செய்ய வேண்டும்.

"அண்ணே, அவுக செஞ்ச தாலி இருவத்தேழு வருசமா என் கழுத்துல கெடக்கு. ஒரு பொட்டு கறுக்கல. இவன் என்னடான்னா பில் இருக்கா, முத்திரை இருக்கான்னு கேக்கான்" என்றாள்.

"கறுக்கலைன்னா சுத்தமான தங்கம்னு அர்த்தமா மாமா? எத்தனை காரட்னு எப்பவாவது யாராவது பார்த்திருக்காங்களா?" என்றான் அவன்.

"அதப் போயி அவுககிட்டக் கேக்கச் சொல்லுதியா? பெறகு அவுக மூஞ்சியில எப்படிடா முழிக்க?"

இதுதான் வழக்கு. மோதிரத்தில் தொடங்கினாலும் இது மோதிரத்தோடு முடிகிற வழக்கு அல்ல. நாம் நம்புகிற ஒருவரிடம் சான்று கேட்பது அவரை அவமதிப்பதாகுமா? கேட்காமல் இருப்பதுதான் நம்பிக்கையா? தங்கை ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சேர்த்த பணம் அது. ஏமாந்துபோனால் அந்தப் பணத்தோடு, இலையை நறுக்கி நறுக்கி அவள் விரல்கள் காய்த்துப்போன நாட்களும் போய்விடும். ஆகவே மகன் கேட்டதில் தவறில்லை. கேட்டால் இருபத்தேழு ஆண்டுப் பழக்கம் கெட்டுவிடுமே என்று தாய் அஞ்சியதிலும் தவறில்லை.

தங்கம் ஒரு விசித்திரமான பொருள். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். புடவையை விரித்துப் பார்க்கலாம். தங்கத்தைப் பார்த்து அதன் தரத்தைச் சொல்ல நம் கண்ணுக்குத் திறமை கிடையாது. சுத்தத் தங்கம் நகைக்கு ஆகாத மென்மை உடையது. அதில் செம்பும் வெள்ளியும் கொஞ்சம் சேர்த்தால்தான் உறுதி வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்குச் சற்று மேல் தங்கமாக இருந்தால் அது 22 காரட். அந்தப் பங்கில் ஐந்தாறு குறைந்துவிட்டால் அணிந்திருப்பவளுக்குத் தெரியாது, பார்ப்பவர்களுக்கும் தெரியாது. கலந்தவருக்கு மட்டுமே தெரியும். கலப்பு நேர்மையாக இருக்க வேண்டும், அது நேர்மையானதுதான் என்பதை நாம் நேரில் பார்க்கவும் முடியாது என்னும் நிலைமையில்தான் ஐயம் பிறக்கிறது.

அந்த ஐயத்தை நம் முன்னோர் ஒரு பழமொழியாகவே செய்து வைத்துவிட்டார்கள். பெற்ற தாயின் பொன்னாக இருந்தாலும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்வான் என்று ஒரு தொழிலைச் செய்கிறவர்கள் அத்தனை பேர் மேலும் பழி சொல்லும் பழமொழி அது. நூறு பேரில் ஒருவன் செய்ததற்குத் தொண்ணூற்றொன்பது பேரின் தலை குனிய வேண்டியிருக்கிறது. பழமொழியைச் சொன்னவர் யாரோ. அதைக் கேட்டுக்கொண்டே குறட்டைப் பிடித்து வேலை செய்தவர்கள் எத்தனை தலைமுறையோ!

இந்த இடத்தில் நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தங்கையின் கட்சியையும் மருமகனின் கட்சியையும் நடுநிலையில் நின்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

எனக்கு 1981-இல் திருமணம். என் பாட்டியின் பாம்படத்தை உருக்கி, மணப்பெண்ணுக்கு ஒரு மோதிரம் செய்யச் சொல்லி எங்கள் ஊர் ஆசாரியிடம் கொடுத்தேன். இன்றைக்குத் தங்கை சொல்லும் ஆசாரியின் தகப்பனார் அவர். பெரியவர் நல்ல வேலைக்காரர். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது அவருக்கு நடுத்தர வயது. சீனப் போருக்குப் பிறகு அன்னியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த காலம். அப்போது நிதியமைச்சராக இருந்த மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த விதிப்படி, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது. நம் ஊர்ப் பெண்கள் 14 காரட் நகையைத் தங்கமாகவே மதிப்பதில்லை. நாடெங்கும் ஆசாரிமாரின் உலை அணைந்தது. பிழைக்க வழியின்றிச் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் அந்த 14 காரட் விதி தளர்ந்தது. ஆனால் 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பெரியவர் வயற்காட்டுக் கூலிக்குப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றினாராம். குறடு பிடித்த கையில் மண்வெட்டி பிடித்த அந்தக் கதையை அவர் தம் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் மோதிரத்தைச் செய்து கொடுத்தார். மிக அழகாக இருந்தது. உறவினர் ஒருவர் என் காதில், "பழைய பாம்படம் நல்ல பொன்னாச்சே, அப்படியே வந்து சேர்ந்ததா?" என்று ஒரு சொல் போட்டார். அது போதுமானதாக இருந்தது. வேறோர் ஊருக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு கடையில் அந்த மோதிரத்தைக் கொடுத்து உரைத்துப் பார்க்கச் சொன்னேன். கறுப்புக் கல்லில் மஞ்சள் கோடு ஒன்று விழுந்தது. கடைக்காரர் அதன்மேல் அமிலத்துளியை விட்டார். கோடு அழியவில்லை. "நல்ல தங்கம்" என்றார். மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் நகைத் தொழில் ஒரு சிறிய உலகம். நான் முன்பின் அறியாத அந்தக் கடைக்காரர் பெரியவருக்கு நெருங்கிய உறவு. ஒரு வாரத்தில் செய்தி போய்விட்டது. பெரியவர் என் திருமணத்துக்கு வந்தார்; மொய் எழுதினார்; இலையில் அமர்ந்து சாப்பிட்டார்; போய்விட்டார். அதற்குப் பிறகு என் குழந்தைக்குக் காது குத்தத் தோடு செய்ய வேண்டும் என்று போனபோது, "வேற எடத்துல பாத்துக்கிடுங்க தம்பி. நமக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றார். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தபோது அவர் காலமாகிவிட்டார்.

நான் செய்தது சரியா, தவறா? மோதிரத்தைச் சோதித்தது தவறென்றால், ஏமாறுவதுதான் பண்பு என்று ஆகிவிடுமே! இந்தக் கேள்வி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னிடம் இருக்கிறது.

மோதிரம் என்றதும் நமக்கு நினைவு வருவது அசோகவனத்துக் கணையாழி. சீதையைவிட இராமனை நம்பியவர் யார்? அப்படியிருந்தும், இராமனிடமிருந்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் முன்னால் வந்து நின்றபோது, இது அரக்கரின் மாயையோ என்று அவள் ஐயுறுகிறாள். அந்த ஐயத்துக்கு விடையாக நீள்கிறது மோதிரம். இதில் நாம் கவனிக்க வேண்டியவன் இராமன். 'என் பெயரைச் சொன்னால் போதாதா? என் மனைவி என் தூதனிடம் சான்று கேட்பாளா?' என்று அவன் எண்ணவில்லை. அவள் கேட்பாள், கேட்க வேண்டிய நிலையில் இருக்கிறாள் என்று உணர்ந்து, கேட்பதற்கு முன்பே கொடுத்தனுப்புகிறான். அன்புள்ளவன் சான்று கேட்கப்படுவதைக் குற்றமாக நினைப்பதில்லை. தானாகவே முன்வந்து தருகிறான்.

இதற்கு நேர்மாறாக ஒரு கதையும் நம்மிடம் உண்டு. மதுரைப் பாண்டியன் தன் அரண்மனைப் பொற்கொல்லனின் சொல்லை அப்படியே நம்பினான். கோவலன் கையிலிருந்த சிலம்பை வாங்கி ஒருமுறை சோதித்திருந்தால் போதும். உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். அந்தச் சோதனையைக் கடைசியில் கண்ணகி செய்தாள். உண்மை தெரிந்தது. ஆனால் தெரிய வேண்டிய வேளை கடந்துவிட்டது. சான்று பொய்யானதல்ல, காலம் தவறி வந்தது.

வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தின் முடிவில் இரண்டு பிழைகளைச் சேர்த்துச் சொல்கிறார். ஆராயாமல் ஒருவரை நம்புவது ஒன்று. நம்பித் தெளிந்த பிறகு அவரை ஐயுறுவது மற்றொன்று. இரண்டும் தீராத துன்பத்தைத் தரும் என்கிறார். பாண்டியன் செய்தது முதல் பிழை. நான் செய்தது இரண்டாவது. பாம்படத்தை அவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் நான் விசாரித்திருக்கலாம். கொடுத்தேன், செய்யச் சொன்னேன், வாங்கிக்கொண்டேன், அதன்பின் மறைவாகப் போய் உரைத்தேன். சோதனை ஒன்றுதான். அதை முன்னால் செய்தால் விவேகம். பின்னால், அதுவும் முதுகுக்குப் பின்னால் செய்தால் துரோகம்.

யாழ்ப்பாணத்துத் தமிழர்களிடம் ஓர் அழகிய சடங்கு உண்டு. பொன்னுருக்கு என்று பெயர். தாலி செய்வதற்கான பொற்காசை, ஒரு நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டில், உற்றார் உறவினர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க ஆசாரியார் உருக்குவார். விளக்கு, நிறைகுடம், தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் உண்டு. ஆசாரியாருக்குத் தட்சிணையும் மரியாதையும் உண்டு. அது மங்கலச் சடங்கு. அதே சமயம் கண்ணெதிரே நடக்கும் சோதனையும்கூட. சான்றும் மரியாதையும் ஒரே தட்டில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்றைய முத்திரையும் ஒரு வகையில் இப்படிப்பட்ட ஏற்பாடுதான். 1300-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னன், தரம் பார்த்த பொருளில் சிறுத்தைத் தலை முத்திரை இட வேண்டும் என்று சட்டம் செய்தான். 1478-இல் லண்டன் பொற்கொல்லர்களின் மண்டபத்திலேயே சோதனைச்சாலை அமைந்தது. அந்த மண்டபத்து முத்திரைதான் ஹால்மார்க். நம் நாட்டில் இந்திய தர நிர்ணய அமைவனம் தங்க நகைக்கு இந்த முறையை 2000-இல் கொண்டுவந்தது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கக் குறியீடு பொறிக்கப்பட வேண்டும் என்று ஆயிற்று. அமைவனத்தின் முக்கோண அடையாளம், 22கே916 என்னும் தரம், அந்த ஆறிலக்கக் குறியீடு ஆகிய மூன்றையும் வாங்குகிறவர் பார்க்க வேண்டும். யாருடைய முகத்தையும் முறிக்காமல் உண்மையைச் சொல்லும் நல்ல ஏற்பாடு இது.

மருமகன் இவ்வளவையும் எனக்குச் சொன்னான். ஆனால் கட்டாயமாக்கியபோது அளித்த விலக்குகளையும் அவனே தேடிப் படித்தபோது அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. சிறிய வியாபாரிகளுக்கு விலக்கு. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கும் விலக்கு. இன்றைய விலையில் தங்கையின் சேமிப்புக்கு அந்த இரண்டு கிராமுக்குள்தான் மோதிரம் அமையும். எளியவர்கள் வாங்கும் சின்ன நகைக்கு வரும்போது சட்டம் கையை விரித்துவிடுகிறது. அங்கே மறுபடியும் மனிதனுக்கு மனிதன்தான்.

"வா, ஆசாரியைப் போய்ப் பார்ப்போம்" என்று எழுந்தேன். எழுந்தபோது என் கால் கொஞ்சம் நடுங்கியது என்பதை ஒளிப்பானேன்?

ஆசாரிக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தகப்பனார் அமர்ந்த அதே இடத்தில் அமர்ந்திருந்தார். மருமகன் படத்தைக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வரைஞ்சது நல்லா இருக்கு தம்பி. ஆனா ரெண்டு கிராமுல இவ்வளவு பின்னல் போட்டா ஒவ்வொரு கம்பியும் மயிரெழைதான். ஒரு வருசத்துல எங்கயாவது மாட்டி இழுத்துக்கிடும். கல்லு வச்சா கல்லோட எடை வேற, தங்கத்தோட எடை வேற. யார்கிட்டச் செஞ்சாலும் ரெண்டையும் தனித்தனியா எழுதி வாங்கு. செரி, விரல் அளவு எங்க?"

பையன் விழித்தான். ஏறக்குறைய இவ்வளவு இருக்கும் என்று தன் சுண்டுவிரலைக் காட்டினான்.

"சாயங்காலம் விரல் கொஞ்சம் வீங்கும், காலையில சுருங்கும். கணு தாண்டி ஏறணும். ஏறினது கழண்டு விழவும் கூடாது. ஒன் விரல வச்சு நான் எப்படிச் செய்ய? அந்தப் புள்ள என்ன வேல பாக்கு?"

"தென்காசியில் ஆஸ்பத்திரியில் நர்ஸ்."

"அப்பம் கையுறை போட்டுக் கழத்தணுமே! தூக்கின கல்லு கிழிச்சிருமேய்யா. அந்தப் புள்ளகிட்டக் கேட்டியா?"

கேட்கவில்லை. எழுத்தைப் பின்னியவன், கல்லின் நிறத்தைத் தேர்ந்தவன், நான்கு கடைகளை ஒப்பிட்டுப் பார்த்தவன், மோதிரத்துக்கு உரியவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவள் வியந்துபோக வேண்டும் என்பதற்காக அவளிடமே மறைத்து வைத்திருந்தான். அங்கேயே வாசலில் நின்று தொலைபேசியில் பேசினான். பத்து நிமிடம் கழித்து வந்தான். கல் வேண்டாமாம். வழவழப்பான வளையம் போதுமாம். எழுத்துகள் உட்புறத்தில் இருக்கட்டுமாம். "வெளியில் இருந்தால் ஊரெல்லாம் படிக்கும், உள்ளே இருந்தால் நமக்கு மட்டும்தானே" என்றாளாம். அவன் காது சிவந்திருந்தது.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. மருமகன் என்னைப் பார்த்தான். நான் ஆசாரியைப் பார்த்துச் சொன்னேன்: "இவன் எத்தனை காரட் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறான். அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறான். உங்கள் மனம் வருந்துமோ என்று இவன் அம்மாவுக்குப் பயம்."

அவர் சிரித்தார். "இதுக்கு என்ன வருத்தம்? 1.9 கிராம் வளையத்துக்கு 1.74 கிராம் சுத்தத் தங்கம் வேணும். மீதி செம்பும் வெள்ளியும். கண்ணு முன்னால நிறுத்து, கண்ணு முன்னால உருக்குதேன். சேதாரம், செய்கூலி ரெண்டையும் இப்பமே எழுதித் தாரேன். முடிஞ்சதும் நானே கூட வாரேன், எங்க வேணும்னாலும் கொடுத்துப் பாரு. கொறஞ்சா மோதிரத்த நான் எடுத்துக்கிடுதேன்."

மருமகனை வெளியே அனுப்பிவிட்டு, நாற்பது ஆண்டுகளாகச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். உங்கள் தகப்பனாரிடம் சொல்ல வேண்டியது, காலம் தவறிவிட்டது என்றேன். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. மேசை அறையில் சிதறிக் கிடந்த அரத்தூளைத் தூரிகையால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா சொல்லியிருக்காக. உங்கள ஏசல. 'உரைச்சதுல தப்பில்லடா, பொன்னுன்னா உரைக்கத்தான் வேணும். எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே கல்ல எடுத்துக் கொடுத்திருப்பேனே' அப்படின்னாக. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நான் நாற்பது ஆண்டுகள் சுமந்த கேள்விக்கு அவர் அன்றைக்கே விடை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மோதிரம் ஆடியில் தயாராயிற்று. சோதனை மையத்துக்கு மருமகனும் ஆசாரியும் ஒரே பேருந்தில் போய் வந்தார்கள். தரம் சொன்னபடி இருந்தது. அந்தத் தாளை ஆசாரியிடமே கொடுத்துவிட்டு வந்ததாக மருமகன் சொன்னான். "நமக்கு எதுக்கு மாமா? இனிமே பார்க்கப் போறதில்லையே" என்றான்.

எந்தக் கடையில் செய்யலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்லும் விடை ஒன்றே. கடை பெரிதா சிறிதா என்பது இரண்டாவது. உங்கள் கேள்விக்கு முகம் சுளிக்காதவரிடம் செய்யுங்கள். கேள்வி கேட்பவரை அங்கே சந்தேகப் பிராணி என்று பார்த்தால், அது எத்தனை மாடிக் கடையாக இருந்தாலும் இறங்கி வந்துவிடுங்கள். நீங்களும் கேட்க வேண்டியதையெல்லாம் கொடுக்கும் முன்பே, நேரே முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். கேட்டுத் தெளிந்த பிறகு மனத்தில் உரைகல்லை வைத்துக்கொண்டு திரியாதீர்கள்.

ஒருவரை வாழ்நாள் முழுதும் துணையாகக் கொள்ளப் போகிறவர்களுக்கும் இதைத் தவிர வேறு புத்திமதி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையன் வாசலில் நின்று பத்து நிமிடம் பேசினானே, அவன் அவளுக்குச் செய்துகொடுத்த முதல் நகை அதுதான் என்று நினைக்கிறேன்.